பாதியில் திரும்பத் தெரிந்தால் பீதர் வரை போகலாம்

ஹைதராபாத்தில் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள்காரர்கள் பெருகிவிட்டார்கள். நகரத்தைத் தாண்டி இரண்டு மூன்று நாள் பயணம் போக என்ன வேண்டும்? பெரும்பாலும், ஆசை ஆசையாக வாங்கிய சாமான்களில் பாதியை வீட்டிலேயே வைத்துவிட்டுக் கிளம்பும் துணிச்சல்.

ஞாயிறு காலை ஐந்தரை மணிக்கே கச்சிபௌலி பக்கம் சைக்கிள்கள் புறப்பட்டுவிடுகின்றன. பளீரென்ற சட்டை, ஹெல்மெட், கறுப்புக் கண்ணாடி. சில சைக்கிள்களின் விலை மோட்டார் சைக்கிளின் விலையைத் தாண்டும். 2023 அக்டோபர் 1ஆம் தேதி வெளிவட்டச் சாலையை ஒட்டி 23 கி.மீ. நீளத்தில் ஒரு சைக்கிள் பாதை திறக்கப்பட்டபோது நாடே திரும்பிப் பார்த்தது. தலைக்கு மேல் கூரையாக சூரிய மின் தகடுகள். கீழே நிழல், சமதளம், லாரி கிடையாது. இப்படிப்பட்ட சொகுசில் ஒரு மூச்சில் 40 கி.மீ. ஓட்டப் பழகியவருக்கு ஆறு மாதத்தில் ஓர் ஆசை வந்தே தீரும். திரும்பாமல் அப்படியே போய்க்கொண்டிருந்தால் என்ன?

போகலாம். தெற்கே நாகார்ஜுனசாகர் சுமார் 150 கி.மீ., ஸ்ரீசைலம் சுமார் 215 கி.மீ. மேற்கே, கர்நாடக எல்லைக்குள், பீதர் 140 கி.மீ. தூரம் ஒரு பெரிய விஷயமே இல்லை. நாற்பது ஓட்டுகிறவர் ஒரு நாள் முழுக்க நிதானமாக மிதித்தால் எழுபது ஓட்டிவிடுவார். மறுநாள் காலையிலும் எழுந்து எழுபது ஓட்டவேண்டும் என்பதில்தான் சிக்கல். முதல் நாள் வண்டியைக் கால் ஓட்டுகிறது. இரண்டாம் நாள் வண்டி ஓடுமா என்பதை இடுப்பும் உள்ளங்கையும் உட்காரும் இடமும்தான் முடிவு செய்கின்றன.

இது புதிய பைத்தியம் ஒன்றுமில்லை. 1923 அக்டோபர் 15ஆம் தேதி பம்பாயிலிருந்து ஆறு பார்சி இளைஞர்கள் சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பினார்கள். ஆதி ஹக்கீம், ஜல் பாபாசோலா, ருஸ்தம் பம்காரா என்ற மூவர் மட்டும் 1928இல், சுமார் 71,000 கி.மீ. மிதித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அயர்லாந்துப் பெண்மணி டெர்வ்லா மர்ஃபி 1963இல் ஐரோப்பாவிலிருந்து பாரசீகம், ஆப்கானிஸ்தான் வழியாக தில்லி வந்து சேர்ந்தார். அவர் செய்த முதல் ஏற்பாடு, சைக்கிளில் இருந்த மூன்று வேக கியரைக் கழற்றி எறிந்தது. ஆசியச் சாலைகளை அது தாங்காது, கெட்டால் சரிசெய்ய ஆள் கிடைக்காது என்பது அவர் கணக்கு. மாற்று டயர்களை மட்டும் வழியில் உள்ள ஊர்களுக்கு முன்கூட்டியே அனுப்பிவைத்தார். வழியில் கிடைக்காததற்கு ஏற்பாடு, வழியில் பழுது பார்க்க முடியாததற்கு விடை. நெடும்பயண ஆயத்தம் என்று இன்று எழுதப்படுவதில் பெரும்பகுதி இந்த இரண்டு வாக்கியங்களுக்கான விளக்கவுரைதான்.

இந்தக் கணக்கில் பார்த்தால் பால்காரரின் பழைய கறுப்பு சைக்கிள் லேசுப்பட்டதல்ல. அதன் 28 அங்குல டயரும் டியூபும் எந்தச் சிற்றூரிலும் கிடைக்கும். முன் சக்கரத்துக்கு 32 கம்பி, பின் சக்கரத்துக்கு 40 கம்பி என்று கோத்திருப்பதே, பாரம் பின்னால்தான் ஏறும் என்று தெரிந்தவர்கள் செய்த வேலை. குறை இரண்டு. வண்டியே 20 கிலோவுக்குப் பக்கம். கியர் கிடையாது, ஒரு சுற்று மிதித்தால் ஐந்து மீட்டர் ஓடும் கணக்கில் பல் வைத்திருப்பதால், சுமையோடு மேடு வந்தால் இறங்கித் தள்ளவேண்டியதுதான். மறுகோடியில் இருப்பது பந்தய சைக்கிள். இறகு மாதிரி இருக்கும், ஆனால் அதன் மெல்லிய டயருக்கு ஆகாத சாலைகள் அதிகம். பெரும்பாலானவற்றில் கேரியர் மாட்ட ஓட்டைகூட இருக்காது. முதல் பயணத்துக்கு ஏற்றது இரண்டுக்கும் நடுவில் உள்ள ரகம்: நிமிர்ந்து உட்காரும் ஹேண்டில்பார், 35 மில்லிமீட்டர் அகல டயர், மேட்டில் மெதுவாக மிதிக்க உதவும் சிறிய கியர். ஏற்கெனவே ஓட்டிக்கொண்டிருக்கும் சைக்கிள் இந்த வர்ணனைக்குக் கிட்டத்தட்ட பொருந்தினால் புதிது வாங்குவது வீண் செலவு.

வாங்கவேண்டியது வேறு. வெளிநாட்டு மாதிரி சைக்கிள்கள் சிலவற்றில் டியூபின் வால்வு பென்சில் முனை போல மெலிதாக இருக்கும். நம்மூர் பஞ்சர் கடைப் பம்ப் அதில் பொருந்தாது. லட்ச ரூபாய் சைக்கிள், காற்று அடிக்க வழியின்றி கடை வாசலில் நிற்கும். சுண்டுவிரல் நுனி அளவு பித்தளைத் திருகு ஒன்று இதைத் தீர்த்துவிடும். அது, இரண்டு டியூப், சிறிய பம்ப், டயர் நெம்பி, சொலூஷனும் ஒட்டும் ரப்பரும், ஆலன் சாவிகள், செயின் கழற்றும் கருவி, அளவு பார்த்து வாங்கிய நாலு சக்கரக் கம்பி, ஒரு பிரேக் கேபிள். எல்லாம் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டாது. ஆனால் இதைத் தூக்கிப்போவதில் பயனில்லை, கை பழகியிருந்தாலொழிய. பஞ்சர் ஒட்டுவதை வீட்டு வாசலில் நாலு முறை செய்து பார்க்காதவர், மதிய வெயிலில் லாரிகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொள்ளப்போவதில்லை. கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே நல்ல கடையில் ஓவராயில் செய்து, சக்கரத்தில் கோட்டம் எடுத்து, அதற்குப் பிறகு 100 கி.மீ. ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். முந்தின நாள் மாலை மாற்றிய பாகம்தான் மறுநாள் காலையில் தளரும்.

அடுத்தது மூட்டை. புதியவர்கள் சறுக்கும் இடம் இதுதான். முதுகுப்பையில் எட்டு கிலோவை ஏற்றிக்கொண்டு ஓட்டினால் பத்தாவது கிலோமீட்டரில் தோள் பேச ஆரம்பிக்கும். முதுகு காற்று படாமல் வெந்துபோகும். பாரத்தைச் சைக்கிள்தான் சுமக்க வேண்டும். பின் கேரியரின் இரு பக்கமும், தாழ்வாக, சம எடையில் தொங்கும் பைகள் போதும். பால் கேன் கட்டிப் போகிறவரும் குடம் விற்கிறவரும் யாரிடமும் பாடம் கேட்காமல் இதைத்தான் செய்துவந்தார்கள். மொத்தச் சுமை பத்து கிலோவுக்குள் இருந்தால் நல்லது. எடுத்துப்போக நினைப்பதையெல்லாம் தரையில் பரப்பி ஒரு நாள் விட்டு மறுநாள் பார்த்தால், மூன்றாவது பேண்ட்டும் தடி நாவலும் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுத்துவிடும். கூடாரமும் அடுப்பும் இந்த வழிக்குத் தேவையே இல்லை. இருபது முப்பது கிலோமீட்டருக்கு ஒரு ஊர், ஊருக்கு ஒரு டிபன் கடை இருக்கிற நாடு இது. மழைக்காலமில்லை என்றாலும் துணிகளை பிளாஸ்டிக் பையில் சுற்றுவது நல்லது.

உட்காரும் இடத்தைப் பற்றிக் கூச்சப்படாமல் பேசவேண்டும். பஞ்சு மெத்தை மாதிரி சீட் அரை மணி நேரத்துக்குத்தான் சுகம். நீண்ட ஓட்டத்துக்குக் கொஞ்சம் கெட்டியான சீட்டே மேல். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் கால் நேராக நீளவேண்டும். சீட் உயரம் அவ்வளவே. அதற்குக் கீழே இருந்தால் முழங்கால் வலிக்கும். வியர்வையில் நனைந்த பருத்தி உள்ளாடை தொடையை உரித்துவிடும். இதற்கென்றே திண்டு வைத்துத் தைத்த கால்சட்டைகள் வருகின்றன. அதற்குள் வேறெதுவும் போடக்கூடாது என்பதைக் கடைக்காரர்கள் சொல்வதில்லை, வாங்குகிறவர்கள் கேட்பதுமில்லை.

எப்போது போவது என்பதில் விவாதமே கிடையாது. நவம்பர் முதல் பிப்ரவரி நடு வரை. மே மாதத்தில் தெலங்கானா 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். அந்த வெயிலில் சாலையில் இருப்பது வீரமல்ல. குளிர்காலத்திலும் மணிக்கு அரை லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர் உள்ளே போகவேண்டும். தாகம் எடுத்த பிறகு குடிப்பது தாமதம். வெறும் தண்ணீர் போதாது, உப்பும் சர்க்கரையும் வேண்டும். மருந்துக்கடைப் பொட்டலம் இல்லாவிட்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, தலை தட்டிய அளவில். வாந்தி வருகிறது, தலை சுற்றுகிறது, வியர்வை நின்றுவிட்டது என்றால் அன்றைய பயணம் முடிந்தது என்று பொருள். நிழலுக்குப் போய் உடம்பை நனைத்து உதவிக்கு ஆள் கூப்பிட வேண்டும்.

வெயிலைவிடப் பெரிய ஆபத்து சாலை. 2022இல் இந்தியச் சாலை விபத்துகளில் 1.68 லட்சம் பேர் இறந்தார்கள். அவர்களில் சுமார் 3 சதவீதம் சைக்கிளில் சென்றவர்கள். நகரை வளைத்துச் செல்லும் 158 கி.மீ. வெளிவட்டச் சாலையின் பிரதான தடத்தில் இரு சக்கர வண்டிக்கே அனுமதி இல்லை. பக்கச் சாலையில் போய் அடிப்பாலம் வழியாகக் கடக்க வேண்டும். நெடுஞ்சாலையில் ஓரத் தடம் சைக்கிளுக்கு வசதிதான், எதிர்த்திசையில் வரும் மோட்டார் சைக்கிள்களையும் அங்கேதான் சந்திக்க நேரும். ஹேண்டில்பாரின் வலப்பக்கம் ஒரு கண்ணாடி, பட்டப்பகலிலும் மின்னும் சிவப்புப் பின்விளக்கு, ஒளிரும் மேல்சட்டை. மூன்றும் சேர்ந்து ஒரு ஜோடி நல்ல ஷூ விலைதான். இருட்டிய பிறகு ஓட்டாமலிருப்பதற்கு அந்தச் செலவும் கிடையாது.

எந்த வழி? ஆசைப்படுகிறவர்கள் பலர் முதலில் சொல்வது ஸ்ரீசைலம். கல்வகுர்த்தி வரை சிரமமில்லை. மன்னனூருக்குப் பிறகு நல்லமலைக் காடு. சுமார் 2,600 சதுர கி.மீ. பரப்புள்ள அம்ராபாத் புலிகள் காப்பகத்தின் நடுவே சாலை போகிறது. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வனத்துறை கதவைச் சாத்திவிடும். பகலிலும் கடைகள் அரிது, செல்போன் பல இடங்களில் ஊமை. கடைசியில் கிருஷ்ணா நதிப் பள்ளத்தாக்குக்குள் சரேலென்று இறங்கி, களைத்த காலோடு மறுபடி மலையேறவேண்டும். ஊரில் ரயில் நிலையமும் கிடையாது. அற்புதமான வழி, ஆனால் பாதியில் நிறுத்த முடியாத வழி. முதல் பயணத்துக்கு அது ஆகாது. நாகார்ஜுனசாகர் வேறு விதமாக ஏமாற்றும். ஹைதராபாத் கடல் மட்டத்திலிருந்து 500 மீட்டருக்கு மேல். அணையின் முழு நீர்மட்டம் 180 மீட்டர். போகும்போது தன் கால் வலிமையில் ஒருவருக்குப் பெருமை வரும். அது சரிவின் தயவு என்று திரும்பும்போது தெரியும்.

பீதர் அப்படியல்ல. அங்கே போக மும்பை நெடுஞ்சாலையும் வேண்டாம், லாரி நெரிசல் மிகுந்த செவெல்லா சாலையும் வேண்டாம். ஆலமரங்கள் அடர்ந்த அந்தக் குறுகிய சாலையில் 2025 நவம்பர் 3ஆம் தேதி அரசு பஸ்ஸும் டிப்பர் லாரியும் மோதி ஏறத்தாழ இருபது பேர் இறந்தார்கள். விடியலில் சங்கர்பள்ளி வழியாகப் பிடித்தால் மாலைக்குள் விகாராபாத். சுமார் 75 கி.மீ. பக்கத்தில் அனந்தகிரி மலை. ஹைதராபாத்தின் மூசி நதி பிறக்குமிடம் இதுதான் என்பதை அந்த நதியின் இன்றைய கோலத்தைப் பார்த்தவர்கள் நம்பமாட்டார்கள். இரண்டாம் நாள் சிறிய சாலைகளில் ஜஹீராபாத். மூன்றாம் நாள் முப்பது கிலோமீட்டர் சில்லறை; மதியத்துக்கு முன் பீதர் கோட்டை வாசல். பாமினி சுல்தான்களின் தலைநகராக இருந்த ஊர். மஹ்மூத் கவான் 1472இல் கட்டிய மதரஸா இன்னும் நிற்கிறது. குருநானக் ஜீரா குருத்வாராவில் யார் போனாலும் பந்தியில் உட்கார வைத்துச் சாப்பாடு போடுகிறார்கள். மூன்று நாள் மிதித்தவனுக்கு இதைவிட வேறென்ன வரவேற்பு?

இந்த வழியின் உண்மையான சிறப்பு அழகல்ல, ரயில். விகாராபாத்திலிருந்து ஜஹீராபாத் வழியாக பீதர் செல்லும் தண்டவாளம் பயணம் நெடுகக் கூப்பிடு தூரத்தில் வந்துகொண்டே இருக்கிறது. முழங்கால் மக்கர் செய்தால், சைக்கிள் கம்பி தெறித்தால், வெறுமனே போதும் என்று தோன்றினால்கூட, எந்த நாளும் திரும்பிவிடலாம். 13½ மணி நேரத்தில் 200 கி.மீ. என்று கடிகாரத்தோடு பந்தயம் கட்டும் நெடுந்தூர ஓட்டங்களை ஹைதராபாத் ராண்டனூர்ஸ் போன்ற அமைப்புகள் நடத்துகின்றன. அது வேறு விளையாட்டு. பயணத்தில் கடிகாரம் இல்லை. இருப்பது அன்று மாலைக்குள் சேரவேண்டிய ஊர் ஒன்றுதான். அதையும் மாற்றிக்கொள்ளலாம்.

முழுப் பயணத்துக்கு முன்னால், இதே சுமையோடு விகாராபாத் வரை மட்டும் ஒரு சனிக்கிழமை போய், தங்கி, ஞாயிறு மிதித்தே திரும்பிவிட்டால் பாதிச் சந்தேகங்கள் தீர்ந்துவிடும். எந்தப் பை எதில் உரசுகிறது, எந்தச் சாமானை இரண்டு நாளும் தொடவே இல்லை என்பதெல்லாம் அப்போதுதான் தெரியவரும்.

பீதரிலிருந்து திரும்ப, நிலையத்தின் பார்சல் அலுவலகத்தில் சைக்கிளைப் பதிவு செய்து பிரேக் வேனில் ஏற்றவேண்டும். எல்லா ரயிலிலும், எல்லா நிலையத்திலும் பார்சல் ஏற்றமாட்டார்கள். புறப்படும் முன்பே விசாரித்துக்கொள்வது உத்தமம். அடையாள அட்டையின் நகல் கேட்பார்கள். பெயரும் சேரும் ஊரும் எழுதிய அட்டையை ஹேண்டில்பாரில் கட்டி, பக்கப் பைகளையும் விளக்கையும் பம்பையும் கழற்றிக் கையோடு வைத்துக்கொள்ள வேண்டும். ரசீது சைக்கிளுக்கு மட்டும்தான்.