பாதையின் உரிமை

ஹஜ்ஜுப் பெருங்கூட்டம் அரஃபாத் பெருவெளியினின்று முஸ்தலிஃபாவை நோக்கிப் புறப்பட்ட மாலைப் பொழுது. ஒட்டகங்களை அடித்து விரட்டும் ஓசையும், ஓட்டுவோரின் கூச்சலும் பின்னால் எழுந்தன. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தம் சாட்டையால் சைகை காட்டி, அமைதியாகச் செல்லுமாறு மக்களைப் பணித்தார்கள். விரைந்தோடுவதில் நன்மை இல்லை என்று உணர்த்தினார்கள். நெரிசலில் மிதமாகவும், இடைவெளி கண்டபோது சற்று விரைவாகவும் நாயகம் அவர்கள் தம் வாகனத்தைச் செலுத்தியதாக உஸாமா பின் ஜைத் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

அன்பு வாசகர்களே! வாகனத்தின் வேகத்தை நாம் எதைக் கொண்டு முடிவு செய்கின்றோம்? வாகனத்தின் வலிமையைக் கொண்டா? நமது அவசரத்தைக் கொண்டா? அல்லது, நம் முன்னே நடந்து செல்லும் மனிதர்களைக் கொண்டா?

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஷிப்டு மாறும் வேளையை நினைத்துப் பாருங்கள். சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசையாகச் செல்கின்றன. தொழிலாளரை ஏற்றிவரும் நிறுவனப் பேருந்துகள் திரும்புகின்றன. புறநகர் ரயிலைப் பிடிப்பதற்காகப் பலர் கால்நடையாக விரைகின்றனர். திருவள்ளூர்க் கடைவீதியிலோ கண்டெய்னர் இல்லை. ஆயினும் நெரிசலுக்குக் குறைவில்லை. பள்ளிப் பிள்ளைகளும் மூதாட்டியரும் ஆட்டோக்களும் ஒரே பாதையைப் பங்கிட்டுக் கொள்கின்றனர். இந்தப் பங்காளிகளுடன் இப்போது மின்சார ஸ்கூட்டரும் சேர்ந்துள்ளது.

புகையில்லை, பெட்ரோல் செலவில்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இவை ஏராளமாக உற்பத்தியாகின்றன. நடுத்தரக் குடும்பத்திற்கு இது ஒரு நல்ல துணை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இதன் சிறப்பிலேயே ஓர் ஆபத்தும் மறைந்துள்ளது. இது ஓசையின்றி வருகின்றது.

ஓசையில்லாத ஊர்தி

பாதசாரி கண்ணால் மட்டும் பாதையைக் கடப்பதில்லை, செவியாலும் கடக்கின்றான். பின்னால் வரும் எஞ்சினின் ஒலி கேட்டே ஒதுங்கிப் பழகியவர்கள் நாம். பார்வை இழந்தோருக்குச் செவியே வழிகாட்டி. இதனை உணர்ந்தே ஐரோப்பிய ஒன்றியம், மின்சாரக் கார்கள் மெதுவாகச் செல்லும்போது எச்சரிக்கை ஒலி எழுப்ப வேண்டுமென விதித்தது. 2019 ஜூலையிலிருந்து புதிய வகைக் கார்களுக்கும், 2021 ஜூலையிலிருந்து புதிய கார்கள் அனைத்திற்கும் அது கட்டாயமாயிற்று. ஆனால் அந்த விதி இருசக்கர வாகனங்களுக்குரியதன்று. ஆகவே, நடப்பவர் கேட்டு ஒதுங்கட்டும் என்று மின்சார ஸ்கூட்டர் ஓட்டுபவர் இருந்துவிட முடியாது. ஒதுங்க வேண்டிய கடமை அவர் பக்கமே வந்துவிடுகின்றது.

சிங்கப்பூர் கற்ற பாடம்

நம் உறவினர் பலர் வாழும் சிங்கப்பூரில், நின்றபடி ஓட்டும் மின்சார ஸ்கூட்டர்களை நடைபாதையில் செலுத்த முன்பு அனுமதி இருந்தது. வேகம் மணிக்கு 10 கிலோமீட்டருக்கு மிகலாகாது என்ற வரம்பும் இருந்தது. 2019 செப்டம்பரில், அத்தகைய ஸ்கூட்டருடன் மோதி, சைக்கிளில் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர் உயிரிழந்தார். அவ்வாண்டு நவம்பர் 5 முதல் நடைபாதைகளில் அவை முற்றிலும் தடை செய்யப்பட்டன. மீறுவோருக்கு 2,000 வெள்ளி வரை அபராதமும் மூன்று மாதம் வரை சிறையும் விதிக்கப்படலாம் என அறிவிக்கப்பட்டது. ஒழுங்குக்குப் பெயர்பெற்ற அந்நகரிலேயே, வேக வரம்பு மட்டும் போதவில்லை.

வீட்டிலேயே தொடங்கும் பொறுப்பு

நமது நாட்டுச் சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு. மோட்டார்த் திறன் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் குறைவாக உள்ள இலகுவான மின் ஸ்கூட்டர் மோட்டார் வாகனமாகக் கருதப்படுவதில்லை. அதற்கு ஓட்டுநர் உரிமமோ, பதிவு எண்ணோ தேவையில்லை. "லைசென்ஸ் வேண்டியதில்லையே" என்று சிறுவனிடம் சாவியைக் கொடுக்கும் பெற்றோர் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும். மணிக்கு 25 கிலோமீட்டர் என்பது நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர். குறுக்கே வந்த குழந்தையைக் கண்டு, பிரேக்கைப் பிடிக்க ஒரு நொடி ஆகுமாயின், அதற்குள் வண்டி 7 மீட்டர் கடந்திருக்கும்!

இதனினும் விரைவான மின் ஸ்கூட்டர்கள் முழுமையான மோட்டார் வாகனங்களே. உரிமம், பதிவு, காப்பீடு, தலைக்கவசம் யாவும் அவற்றிற்குக் கட்டாயம். 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டப்படி, சிறுவர் ஓட்டிக் குற்றம் நிகழ்ந்தால் பெற்றோருக்கு அல்லது உரிமையாளருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு. சட்டம் விலக்களித்த இடத்திலும் அமானிதம் விலகுவதில்லை. சாவியைக் கொடுக்கும் கை, தெருவில் நடப்போரின் உயிரையும் சேர்த்தே ஒப்படைக்கின்றது.

வலியவர் கடமை

2022ஆம் ஆண்டில் நம் நாட்டில் சாலை விபத்துகளில் மாண்டோர் 1,68,491 பேர். அவர்களுள் இருசக்கர வாகனங்களில் சென்றோர் 74,897 பேர். நடந்து சென்றோர் 32,825 பேர். லாரியைக் கண்டு அஞ்சும் ஸ்கூட்டர்க்காரர், நடப்பவரின் அச்சத்தை மறந்துவிடுகின்றார். தமக்கு மேலுள்ள வலியவரிடம் எதிர்பார்க்கும் இரக்கத்தைத் தமக்குக் கீழுள்ள எளியவருக்கும் வழங்குவதன்றோ நியாயம்?

பாதையோரம் அமர்ந்திருந்த தோழர்களிடம், பாதைக்குரிய உரிமையைக் கொடுத்துவிடுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். பிறருக்குத் துன்பம் தராதிருப்பதை அவ்வுரிமைகளுள் ஒன்றாக எடுத்துரைத்தார்கள். பாதையில் கிடக்கும் இடையூற்றை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்றும் போதித்தார்கள். அங்ஙனமிருக்க, ஜும்ஆவுக்கு விரையும் நாமே பள்ளிவாசல் முன்பு நடைபாதையை அடைத்து வண்டிகளை நிறுத்தலாமா? தொழுகைக்கு வந்தவரின் வண்டி, கைக்குழந்தையுடன் செல்லும் ஒரு தாயை நடுச்சாலைக்குத் தள்ளலாமா? தடையற்ற நடைபாதை குடிமக்களின் வாழ்வுரிமையைச் சார்ந்தது என்று உச்ச நீதிமன்றமும் 2025 மே மாதம் வலியுறுத்தியுள்ளது. சாலைப் பாதுகாப்புக்காகக் கோவை எலும்பியல் மருத்துவர் எஸ். ராஜசேகரன் அவர்கள் தொடுத்த வழக்கில் வந்த ஆணை அது.

நடப்போருக்கும் கடமையுண்டு. கைப்பேசியில் கண்ணைப் பதித்துக் கடத்தலும், தடுப்பைத் தாண்டிக் குதித்தலும் தம்மைத் தாமே அழிவில் தள்ளுவதாகும்.

இத்தனைக்குப் பின்னும் விபத்து நேருமாயின், விலகிச் செல்லாதீர்கள். 108க்கு அழையுங்கள். நல்லெண்ணத்துடன் உதவுபவரைச் சட்டம் பாதுகாக்கின்றது. விபத்துக்குள்ளானோருக்கு முதல் 48 மணி நேரம் கட்டணமின்றிச் சிகிச்சையளிக்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் தொடங்கியது.

இன்று ஜும்ஆ முடிந்து வெளியே வரும்போது, பள்ளிவாசல் பொறுப்பாளர்களும் இளைஞர்களும் கலந்து பேசட்டும். வண்டி நிறுத்த ஓர் இடத்தை ஒதுக்கி, நடைபாதையை மக்களிடமே விட்டுவிடட்டும். வீடு திரும்பியதும், நம் பிள்ளையின் கையிலுள்ள சாவியைப் பற்றியும் பேசுவோம். பணிவுடன் பூமியில் நடப்போரின் கூட்டத்தில் வல்ல அல்லாஹ் நம்மையும் சேர்ப்பானாக! ஆமீன்.