அடுப்பங்கரைத் தேசங்கள் – 17: மூன்று உலை, ஒரு தாய்

ஓசூர் சிப்காட்டை ஒட்டிய லைன் வீடுகளில், ஷிப்ட் விட்டு ஆட்கள் திரும்பும் நேரத்தில் நடந்து பாருங்கள். முதல் வீட்டில் தருமபுரிக் குடும்பம். பொன்னிப் புழுங்கலை உலையில் போட்டு, வெந்ததும் வடிதட்டைச் சாய்த்துக் கஞ்சி இறக்குகிறார்கள். அடுத்த வாசலில் கன்னடக்காரர்கள். சோனா மசூரிப் பச்சரிசி, குக்கர், அளந்து ஊற்றிய தண்ணீர். வடிக்கிற வேலையே இல்லை. சாறு ஊற்றிப் பிசைய அவர்களுக்குச் சோறு கொஞ்சம் குழைய வேண்டும். நம் வீட்டிலோ பருக்கை ஒட்டிக்கொண்டால் சமைத்தவர் பாடு திண்டாட்டம்.

கோடி அறையில் ஒடிசாப் பையன்கள் நால்வர். அவர்கள் கேட்பது 'உசுனா'. நம் புழுங்கல்தான், ஆனால் குண்டு ரகம். ராத்திரி வடித்த சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்து, காலை ஷிப்டுக்கு முன் கடுகெண்ணெய் விட்டு மசித்த உருளைக்கிழங்கோடு சாப்பிடுகிறார்கள். பெயர் பகாளா. பூரி ஜகந்நாதருக்கே அது படையல். மார்ச் 20 அதற்கென்றே ஒரு நாள். நாமோ பழையதை ஒளித்துவைத்துவிட்டு விருந்தாளிக்கு இட்லி வைக்கிறோம்!

நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள பி1 சத்தில் ஒரு பங்கு அரிசிக்குள் இறங்கிவிடும். மணியும் இறுகும். வடித்தாலும், ராத்திரி முழுக்க ஊறினாலும் பருக்கை கரைவதில்லை. கஞ்சி வடிக்கிற ஊர்கள் பலவும் புழுங்கலை விடாமல் பிடித்திருப்பது சும்மா இல்லை.

மண்டியில் இந்த அரிசிகள் தனித்தனிச் சிப்பம். வம்சத்தைத் தோண்டினால் கதை வேறு. 1950-களில் ஐ.நா. உணவு வேளாண் அமைப்பின் முயற்சியில், ஒடிசாவின் கட்டக் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஜப்பானிய வகை நெல்லையும் நம் பக்கத்து இண்டிகா நெல்லையும் கலந்து பார்த்தார்கள். தைவானின் தைச்சுங் 65, மலாயாவின் மாயாங் எபோஸ் 80 இரண்டுக்கும் பிறந்த வாரிசு, 1965-ல் மலேசியாவில் 'மசூரி' ஆனது. லங்காவித் தீவுக் கதையில் வரும் பெண்ணின் பெயர் அது. பிறகு அந்த நெல் இங்கே திரும்பி வந்தது. நம் பொன்னி அதே வித்துதான். பெயர் மட்டும் காவிரியுடையது. சோனா மசூரி அதன் மகள். ஒடிசா வயல்களை நிறைத்த சுவர்ணாவும் (1982) மகளே. அந்த நால்வருக்கும் இதைச் சொன்னேன். கட்டக் என்றதும் ஒருவன் மட்டும் நிமிர்ந்து பார்த்தான். அவன் ஊர் அதற்குப் பக்கமாம்.

வீட்டுக்கார அம்மா தெலுங்கு பேசுபவர். அவர் அடுப்பில் களி. வானம் பார்த்த இந்தச் செம்மண்ணுக்குக் கேழ்வரகுதான் பழைய சாப்பாடு. ஒரு பிடி நொய்யை வேகவிட்டு, மேலே ராகி மாவைக் கொட்டித் துடுப்பால் கிண்டினார்.

"நொய் எந்த அரிசிம்மா?"

"யாருக்குத் தெரியும் சார்? மண்டியில எல்லாச் சிப்பத்து அடியிலயும் கூட்டி, ஒண்ணாத்தான் விக்கறாங்க."