மாத்திரை போட்டும் சர்க்கரை குறையலையா? ஒருமுறை ஈறையும் பார்த்துடுங்க!

"ஏனுங் டாக்டர், பல்லு ஆடுதுன்னுதான் வந்தேன். நீங்க சர்க்கரை டெஸ்ட் எடுத்துட்டு வரச் சொல்றீங்க. பல்லுக்கும் சர்க்கரைக்கும் என்னங்க சம்பந்தம்?"

கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் ஏதாவது ஒரு பல் கிளினிக்கில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தால் இந்தக் கேள்வி காதில் விழுந்துவிடும். நியாயமான கேள்விதான். நம் வீடுகளில் சர்க்கரைக்கு ஒரு ஃபைல் இருக்கும், பிரஷருக்கு ஒரு ஃபைல் இருக்கும். பல்லுக்கு ஃபைலே கிடையாது. வலிச்சா ஒரு மாத்திரை, அதுக்கும் கேக்கலைன்னா போய்ப் புடுங்கிட்டு வர்றது. அவ்வளவுதான் பல் வைத்தியம்.

ஆனால் இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. உடம்பை அதிகம் பாதிக்கிற பல் பிரச்னை பெரும்பாலும் வலிக்கவே வலிக்காது.

சொத்தைப் பல் வலிக்கும், ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கும். அதனால் எப்படியும் டாக்டரிடம் போய்விடுவோம். ஈறு நோய் அப்படியில்லை. பல்லும் ஈறும் சேரும் இடத்தில் தினமும் ஒரு வழவழப்பான படலம் படிகிறது. முழுக்க முழுக்க பாக்டீரியா. சரியாகத் தேய்க்காமல் விட்டால் அது கெட்டியாகிக் காரையாக மாறும். காரை பிடித்த பல்லை விட்டு ஈறு மெதுவாக விலகும். நடுவில் ஒரு குட்டிப் பை மாதிரி இடைவெளி உருவாகும். பிரஷ் எட்டாத அந்தப் பைக்குள் பாக்டீரியாக்கள் நிம்மதியாகக் குடித்தனம் நடத்தும். உள்ளே எலும்பு கரையும். இது வருஷக்கணக்கில் நடக்கிற வேலை. நமக்குத் தெரிவதெல்லாம், பிரஷ் பண்ணும்போது கொஞ்சம் ரத்தம், கொஞ்சம் வாய் நாற்றம். "பிரஷ்ஷு ரொம்பக் கடினமா இருக்கு போல" என்று பிரஷ்ஷை மாற்றிவிட்டு நகர்ந்துவிடுவோம்.

வாய் முழுக்க இப்படிப் பைகள் இருக்கும் ஒருவருக்கு, உள்பக்கம் புண்ணாகியிருக்கும் பரப்பை எல்லாம் சேர்த்தால் 8 முதல் 20 சதுர சென்டிமீட்டர் வரை வரலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஒரு தீப்பெட்டியின் மேல்பக்கம் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் அந்த அளவுக்கு ஆறாத புண் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுவோம். வாய்க்குள் இருப்பதால் பத்து வருஷம் சுமக்கிறோம்.

சர்க்கரை, ஈறு: ரெண்டு பக்கமும் இடி

ஆறாத புண் இருந்தால் உடம்பு சும்மா இருக்காது. எதிர்ப்பு சக்தி எப்போதும் விழித்துக்கொண்டே இருக்கும், அழற்சியை உண்டாக்கும் வேதிப்பொருட்கள் ரத்தத்தில் கலந்துகொண்டே இருக்கும். இவை இன்சுலினைச் சரியாக வேலை செய்ய விடாது. விளைவு, மாத்திரை போட்டும் சர்க்கரை அடங்காது. மறுபக்கம், சர்க்கரை ஏறினால் கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் மந்தமாகும், புண் ஆறுவது தாமதமாகும், ஈறு இன்னும் மோசமாகும். ஒன்றை ஒன்று தள்ளிவிடும் சுழல் இது.

புதுக் கண்டுபிடிப்பு ஒன்றும் இல்லை. கண், சிறுநீரகம், நரம்பு என்று நீரிழிவு கெடுக்கும் உறுப்புகளின் வரிசையில் ஆறாவதாக ஈறு நோயைச் சேர்க்க வேண்டும் என்று ஹரால்ட் லோ என்ற பல் மருத்துவ விஞ்ஞானி 1993-லேயே எழுதிவிட்டார். முப்பது வருஷம் கழித்தும் நம்மில் பலர், சர்க்கரை வந்தால் கண்ணைக் காட்டுகிறோம், காலைக் காட்டுகிறோம், வாயை மட்டும் திறப்பதில்லை.

சரி, ஈறைச் சரி செய்தால் சர்க்கரை குறையுமா? குறைகிறது. 30-க்கும் மேற்பட்ட ஆய்வுகளை, 3,000-க்கும் மேற்பட்ட நோயாளிகளின் விவரங்களோடு ஒன்றாக வைத்துப் பார்த்த காக்ரேன் அமைப்பின் அறிக்கை 2022-ல் வந்தது. ஈறு சிகிச்சை எடுத்தவர்களுக்கு, நாம் 'மூணு மாச சர்க்கரை' என்று சொல்லும் ஹெச்பிஏ1சி அளவு மூன்று, நான்கு மாதங்களில் சராசரியாக 0.43 குறைந்திருந்தது. 8 இருந்தவருக்கு 7.6 என்கிற மாதிரி. கேட்க சின்ன எண்தான். ஆனால் அந்த எண்ணைக் குறைக்கத்தான் பலர் நடக்கிறார்கள், சோறைக் குறைக்கிறார்கள், மாத்திரையைக் கூட்டுகிறார்கள். இதற்காக மாத்திரையை நிறுத்திவிடாதீர்கள். இது அதோடு சேர்த்துச் செய்ய வேண்டியது.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வு, நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு இருப்பதாகச் சொன்னது. உங்கள் அப்பாவோ, சித்தியோ, சில நேரம் நீங்களோ அதில் இருக்கலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை வீட்டு வாசலுக்கே வருகிறது. பல் டாக்டரிடம் மட்டும் நாம்தான் போயாக வேண்டும்.

பேக்கரி டீயும் புளிக்கும் பல்லும்

கொங்குப் பக்கம் டீ குடிக்கிறது என்றால் டீக்கடை இல்லை, பேக்கரி. காலையில் ஒரு டீ, பதினோரு மணிக்கு டீயும் தேங்காய் பன்னும், சாயங்காலம் டீயும் பப்ஸும், நண்பன் வந்தால் இன்னொரு டீ. திருப்பூர் பனியன் கம்பெனி, கோவை பட்டறை, ஐடி ஆபீஸ் எல்லா இடத்திலும் இதே கதைதான்.

பல்லைப் பொறுத்தவரை எவ்வளவு சர்க்கரை என்பதைவிட எத்தனை தடவை என்பதுதான் முக்கியம். ஒவ்வொரு முறை இனிப்பு உள்ளே போகும்போதும் பாக்டீரியா அதைச் சாப்பிட்டு அமிலத்தைத் துப்பும். எச்சில் அதைச் சமன் செய்ய அரை மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம். நாளுக்கு ஐந்தாறு டீ என்றால் பல் தினமும் மணிக்கணக்கில் அமிலத்தில் ஊறுகிறது என்று அர்த்தம். டீயை விடச் சொன்னால் நீங்கள் இந்தக் கட்டுரையை மூடிவிடுவீர்கள், எனக்கும் முடியாது. சர்க்கரை இல்லாமல் குடிக்கலாம், பன்னையும் பிஸ்கட்டையும் சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்துக்கொள்ளலாம், டீ முடிந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கலாம். ராத்திரி படுக்கும் முன் பிரஷ் பண்ணுவதை மட்டும் விடவே கூடாது. தூக்கத்தில் எச்சில் குறைந்துவிடும், பாக்டீரியாவுக்கு அதுதான் கொண்டாட்டம்.

ரத்தம் வருகிறது என்று அந்த இடத்தில் பிரஷ் படாமல் ஒதுக்குகிறவர்கள் நிறைய. அது தப்பு. ரத்தம் வருகிற இடம்தான் அழுக்கு இருக்கிற இடம். இன்னொன்று, சிகரெட் பிடிக்கிறவர்களுக்கு ஈறு நோய் முற்றியிருந்தாலும் ரத்தம் அதிகம் வராது. புகை ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். 'எனக்கு ரத்தமே வரலையே' என்று நம்பி ஏமாற வேண்டாம்.

"ஸ்கேலிங் பண்ணினா பல்லு ஆடும்", "மேல் பல்லைப் புடுங்கினா கண்ணு போயிடும்". இந்த ரெண்டும் பாட்டி காலத்திலிருந்து வருகிறது. கண்ணுக்கும் மேல் பல்லுக்கும் அப்படி ஒரு தொடர்பு கிடையாது. ஸ்கேலிங் விஷயத்தில் நடப்பது இது: எலும்பு ஏற்கெனவே கரைந்த பல்லை, சுற்றிப் படிந்த காரைதான் சிமென்ட் மாதிரி பிடித்துக்கொண்டிருக்கும். அதை எடுத்ததும் உண்மையான நிலைமை தெரியும். ஆட்டிவிட்டது ஸ்கேலிங் இல்லை, அதற்கு முந்தைய பத்து வருஷம்.

சிறுவாணியும் ஆயிரம் அடி போர்வெல்லும்

சிறுவாணித் தண்ணீரின் சுவையைப் பற்றிக் கோவைக்காரர்களிடம் பேச்சுக் கொடுத்தால் சீக்கிரம் விட மாட்டார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் எட்டாத கிராமங்களில் ஆயிரம் அடிக்குப் போர்வெல் போடுகிறார்கள். பாறைக்குள் நீண்ட நாள் தங்கும் நீரில் ஃப்ளோரைடு கரைந்து வரக்கூடும். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரைதான் ஏற்கத்தக்கது. அதற்கு மேல் போனால், பல் உருவாகும் வயதில், அதாவது சுமார் எட்டு வயதுக்குள், அதைக் குடிக்கும் குழந்தையின் பல்லில் வெள்ளைத் திட்டும் பழுப்புக் கறையும் விழும். அளவு மிக அதிகமாகிப் பல வருஷம் குடித்தால் எலும்பும் மூட்டும் இறுகிவிடும். தருமபுரி, கிருஷ்ணகிரி மக்கள் இதை அனுபவித்தவர்கள். 2013-ல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் தணிப்பு' என்பதும் சேர்ந்திருந்தது. அங்கே பல்லில் விழுந்த கறை, எலும்புக்கு வரப்போவதற்கான முன்னறிவிப்பு. கொதிக்க வைத்தால் ஃப்ளோரைடு போகாது, நீர் சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். ஆர்ஓ நீக்கும். போர்வெல் தண்ணீரைக் குடிக்கிற வீடு என்றால் ஒருமுறை பரிசோதித்துப் பார்த்துவிடுவது நல்லது.

இதை வைத்து ஃப்ளோரைடு பேஸ்ட்டே விஷம் என்று பரவும் வாட்ஸ்அப் ஃபார்வேர்டை நம்ப வேண்டாம். பேஸ்ட்டைத் துப்புகிறோம், தண்ணீரைக் குடிக்கிறோம். சின்னக் குழந்தைக்கு மட்டும் அரிசி அளவு பேஸ்ட் போதும்.

இதயம், கர்ப்பம், மூளை... எது எவ்வளவு உண்மை?

இந்த இடத்தில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 'ஈறு கெட்டால் ஹார்ட் அட்டாக்' என்று தலைப்பு போடுவது சுலபம். ஈறு நோய் உள்ளவர்களுக்கு இதய நோயும் அதிகம் காணப்படுவது உண்மை. ஆனால் ஒன்று மற்றொன்றை உண்டாக்குகிறது என்பதற்கு ஆதாரம் போதாது என்று அமெரிக்க இதய சங்கம் 2012-ல் சொன்னது. புகை, சர்க்கரை, வயது எல்லாம் இரண்டுக்கும் பொதுவான காரணங்கள். அதேநேரம், வால்வு மாற்றியவர்கள், ஏற்கெனவே இதய உள்சவ்வில் தொற்று வந்தவர்கள் ஆகியோருக்கு வாய் பாக்டீரியா நிஜமான ஆபத்து. பல் பிடுங்கும் முன்பே அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

கர்ப்பிணிகளுக்கு ஹார்மோன் மாற்றத்தால் ஈறு வீங்கி ரத்தம் வருவது சகஜம். "மாசமா இருக்கும்போது பல்லுல கை வைக்கக் கூடாது" என்று வீட்டில் தடுப்பார்கள். ஈறு சிகிச்சை அந்த நேரத்தில் பாதுகாப்பானதுதான். குறைப்பிரசவத்தை அது தடுக்கிறதா என்று பார்த்த பெரிய ஆய்வில் அப்படித் தெரியவில்லை. அம்மாவின் ஈறு சரியாகிறது, அதற்காகவே செய்யலாம். அல்சைமர் தொடர்பு பற்றிய பேச்சு இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கிறது.

படுத்த படுக்கையாக இருக்கும் தாத்தா, பாட்டி விஷயத்தில் ஆதாரம் வலுவானது. வாயில் உள்ள கிருமி எச்சிலோடு நுரையீரலுக்குள் இறங்கினால் நிமோனியா வரும். ஜப்பானின் முதியோர் இல்லங்களில் தினமும் வாயைச் சுத்தம் செய்துவிட்டபோது நிமோனியா குறைந்தது. அதனால் ராத்திரி பல் செட்டைக் கழற்றிக் கழுவி வைத்துவிட்டு, மெல்லிய துணியால் ஈறைத் துடைத்து விடுங்கள். ஐந்து நிமிஷ வேலை.

பாட்டியின் வெற்றிலைப் பெட்டியையும் இதே கையோடு பார்த்துவிடலாம். புகையிலை இல்லாமல் வெறும் பாக்கு மட்டுமே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-லேயே வகைப்படுத்திவிட்டது. இரண்டு வாரமாக ஆறாத புண், வெள்ளைத் திட்டு, வாயை முழுதாகத் திறக்க முடியாமை... இவற்றில் எது இருந்தாலும் காட்டிவிட வேண்டும்.

செலவுக்குப் பயந்து தள்ளிப்போடுகிறவர்களுக்கு: கோவை அரசு மருத்துவமனையில் பல் பிரிவு இருக்கிறது. கோவையிலும் திருச்செங்கோடு, குமாரபாளையம் பக்கமும் பல் மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கே பேராசிரியர் மேற்பார்வையில் மாணவர்கள் சிகிச்சை செய்வார்கள். நேரம் கூட ஆகும், கட்டணம் வெளியே வாங்குவதைவிடப் பொதுவாகக் குறைவு. போகும்போது சர்க்கரை ரிப்போர்ட்டையும் மாத்திரைச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

கடைசியாக ஒன்று. கீழ்க் கடைவாய்ப் பல் வலித்து, தாடைக்கு அடியில் வீங்கி, எச்சில் விழுங்கவோ மூச்சு விடவோ சிரமமாக இருந்தால் காலையில் பார்த்துக்கலாம் என்று படுத்துவிடாதீர்கள். தொற்று கழுத்துக்குள் இறங்கி மூச்சுக்குழாயை அடைத்துவிடும். கிளினிக் எப்போது திறக்கும் என்று காத்திருக்காமல், ராத்திரி எத்தனை மணியானாலும் 108-ஐக் கூப்பிட்டு நேராகப் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.