பொதிகை உச்சியில் மகாராஜாவின் காந்தக் கூடம்: தேடிப் போகிறவர்களுக்கு

அகஸ்தியர் மலை ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் உச்சியில் முனிவரின் சிலையைக் கும்பிட்டு, மேகம் விலகினால் நாலு படம் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுகிறார்கள். அந்த உச்சிப் பகுதியில் 1855-ல் திருவிதாங்கூர் அரசு ஒரு ஆய்வுக்கூடம் கட்டி, அதில் ஆளும் வைத்து, காந்த ஊசியின் அசைவைக் குறித்துவந்தது. திருவனந்தபுரம் சாலைத் தெருவில் கடை வைத்திருக்கும் நம் ஆட்களில்கூட இதைக் கேள்விப்பட்டவர்கள் குறைவு. அந்தக் கூடம் இருந்த தடத்தை நடந்து போய்த் தேட நினைக்கிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியதை இங்கே சொல்கிறேன்.

முதலில் கதை. சுவாதித் திருநாள் மகாராஜா 1837-ல் திருவனந்தபுரத்தில் வானாய்வுக்கூடம் தொடங்கினார். பாளையத்துக்குப் பக்கத்தில், இன்றும் அப்சர்வேட்டரி ஹில் என்று சொல்கிற மேட்டில் அது இருக்கிறது. முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட். அவர் இறந்தபின், உத்திரம் திருநாள் மகாராஜா காலத்தில், 1852-ல் ஸ்காட்லாந்துக்காரரான ஜான் ஆலன் பிரவுன் வந்து பொறுப்பேற்றார். பூமியின் காந்தம்தான் அவருக்கு உயிர்.

ஏன் இந்த ஊர்? காந்த நடுக்கோடு நம் பக்கத்தில் ஓடுகிறது. அந்தக் கோட்டில், மேலும் கீழும் ஆட விட்ட காந்த ஊசி கிடைமட்டமாகப் படுத்துவிடும். 1963 நவம்பர் 21 அன்று தும்பாவிலிருந்து முதல் ராக்கெட் கிளம்பியதற்கும் இதே கோடுதான் காரணம். பிரவுனுக்கு இன்னொரு கேள்வியும் இருந்தது: ஊரில் தெரிகிற அசைவு உயரத்திலும் அப்படியே இருக்குமா? திருவனந்தபுரத்திலிருந்து நேர்கோட்டில் ஏறத்தாழ 35 கி.மீ. தொலைவில், 1,868 மீட்டர் உயரத்தில் நிற்கிற அகஸ்தியர் மலை அதற்கு வாகாக அமைந்தது. யானைக் காட்டுக்குள் பாதை வெட்டி, சாமான்களைத் தலைச்சுமையாகவே ஏற்றிக் கட்டினார்கள். ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் 1883-ல் தொடங்கிய வானிலைக் கூடம் உலகப் புகழ் பெற்றது. அதன் இடிந்த சுவரைப் பார்க்கவே ஆட்கள் ஏறுகிறார்கள். நம்முடையது அதற்கு 28 வருஷம் முந்தியது.

காந்த அசைவுகள் நாளுக்கு நாள் மாறும் விதம் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருப்பதையும், அதில் சுமார் 26 நாள் சுழற்சி ஒன்று தெரிவதையும், அது சூரியன் தன்னைத்தானே சுற்றுவதோடு சேர்ந்தது என்பதையும் பிரவுன் எடுத்துச் சொன்னார். 1878-ல் ராயல் சொசைட்டி அவருக்கு ராயல் பதக்கம் கொடுத்தது. ஆனால் அளவுகளைக் குறித்தவர்கள் இந்த மண்ணின் உதவியாளர்கள். மலை மேல் குளிரிலும் காற்றிலும், இரவில் விளக்கு வைத்துக்கொண்டு, ஊசி எந்தக் கோட்டில் நிற்கிறது என்று பார்த்து எழுதியவர்கள் அவர்கள். அங்கே ஒரு கல் மிஞ்சியிருந்தாலும் அது முதலில் அவர்களுடைய நினைவு என்றே நான் நினைக்கிறேன்.

தேடல் மலையில் தொடங்கக் கூடாது. பிரவுன் 1865-ல் திருவிதாங்கூரை விட்டுப் போனார். இரண்டு கூடங்களின் காந்த அளவுகளும் 1874-ல் லண்டனில் பெரிய நூலாக அச்சாயின. முதலில் அதைப் பாருங்கள். பிறகு கோட்டைக்குள் இருக்கும் மத்திய ஆவணக் காப்பகம். சாலைத் தெருவிலிருந்து நடந்தே போய்விடலாம். கூலி, மரம், சுண்ணாம்பு என்று செலவெழுதிய பழைய கணக்கு ஒன்று அகப்பட்டால் எந்தப் பொருளைத் தேட வேண்டும் என்பது தெளிவாகிவிடும்.

மழைக்காட்டில் ஓலையும் மரமும் சில வருஷத்தில் கரையானுக்கும் ஈரத்துக்கும் போய்விடும். நிற்பது தரைதான். சரிவான மலையில் இயற்கை சதுரமாகச் சமதளம் வெட்டுவதில்லை. காலைச் சாய்வெயிலில் பாருங்கள். உச்சி வெயிலில் தட்டையாகத் தெரிகிற இடத்தில், அப்போது ஒரு வரப்பு நிழல் நேராக விழும், ஒரு மூலை மடங்கும். அந்த மூலையில் குனியுங்கள். வெள்ளையாக, விரலில் உதிர்கிற கட்டி ஏதும் கிடந்தால் அதில் ஒரு துளி எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு. இந்த மலைப் பாறையில் சுண்ணாம்புக்கல் கிடையாது. ஆள் சுமந்து வந்ததாகத்தான் இருக்க வேண்டும். சிமெண்டும் நுரைக்கும் என்பதால், சாம்பல் நிறமாகவும் கெட்டியாகவும் இருந்தால் பிற்காலத்து வேலை என்று தள்ளிவிடுங்கள். சிப்பித் துணுக்கோ செங்கல் பொடியோ கலந்திருந்தால் கூடுதல் கவனம் வேண்டும்.

இன்னொரு குறிப்பு. காந்தக் கருவி வைக்கிற அறையில் இரும்பைச் சேர்க்க மாட்டார்கள், ஊசியை இழுத்துவிடும் என்பதால். நடை அதிர்வு கருவியில் படாதபடி தரையோடு ஒட்டாத தனிக் கல்தூணில் அதை நிறுத்துவார்கள். எனவே துருப்பிடித்த ஆணி கிடக்கிற இடம் பெரும்பாலும் ஆட்கள் தங்கிய பக்கமாகவோ, பின்னால் வந்தவர்களின் முகாமாகவோ இருக்கும்.

வனத்துறை மலையேற்றத்துக்கு அனுமதிப்பது பெரும்பாலும் ஜனவரியிலிருந்துதான். ஆன்லைனில் முன்பதிவு செய்ய வேண்டும். 2019 முதல் பெண்களும் போகலாம். போனக்காட்டில் நடை தொடங்கும். முதல் நாள் இரவு அதிருமலை முகாம், மறுநாள் பொங்காலப்பாறை வழியாக உச்சி. வழியில் பேச்சில் அடிபடுகிற போனக்காட்டுப் பேய் பங்களாவை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள், அது தேயிலைத் தோட்டத்துக் கட்டடம். கூட வருகிறவர் இந்த மலைப் பழங்குடியான காணிக்காரராக இருந்தால் அவரிடம் கேளுங்கள்: “அண்ணாச்சி, மேல எங்கயாவது வெட்டிச் சமப்படுத்தின தரை உண்டா? அந்த இடத்துக்கு நீங்க என்ன பேரு சொல்லுவீங்க?” வரைபடத்தில் ஏறாத பெயர்கள் அவர்களிடம்தான் இருக்கும்.

இந்தத் தேடலையெல்லாம் பாதையோரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள், பாதையை விட்டு விலகாதீர்கள். தோண்டக் கூடாது, எதையும் பையில் போடக் கூடாது. இது காட்டுயிர் சரணாலயம். ஒரு கல்லை எடுத்தாலும் குற்றம். தவிர, இடத்தை விட்டுப் பெயர்த்த செங்கல்லால் யாருக்கும் ஒன்றும் தெரியவராது. பக்கத்தில் ஒரு அளவுகோலை வைத்துப் படம் எடுங்கள். ஜி.பி.எஸ். எண்ணையும், எந்தத் திசையில் எந்த முகடு தெரிகிறது என்பதையும் நோட்டில் எழுதி, மாநிலத் தொல்லியல் துறைக்கு அனுப்புங்கள். ஒன்றும் கிடைக்காவிட்டாலும் எந்தெந்த இடத்தில் பார்த்தீர்கள் என்பதை எழுதி வையுங்கள். அடுத்த ஜனவரியில் ஏறுகிறவர் அந்த இடங்களை விட்டுவிட்டு மற்றவற்றைப் பார்க்கலாம்.