மறதிநோய்: மரபு தரும் இடரும் மரபு தரும் காப்பும்

தாய்க்கோ தந்தைக்கோ மறதிநோய் இருப்பதாக மருத்துவர் கூறியதும் பிள்ளைகளின் மனத்தில் இரண்டு கேள்விகள் எழுகின்றன. முதலாவது, சிகிச்சை பற்றியது. அதை அவர்கள் உடனே கேட்டுவிடுகிறார்கள். இரண்டாவதைப் பெரும்பாலோர் தயங்கித் தயங்கியே கேட்கிறார்கள்: "இது எனக்கும் வருமா? என் பிள்ளைகளுக்கும் தொடருமா?" அந்த இரண்டாவது கேள்விக்கு இன்றைய அறிவியல் தரும் விடையை இக்கட்டுரை விளக்குகிறது.

மரபணு தரும் இடர்

மறதிநோய்களுள் மிகுதியாகக் காணப்படுவது அல்சைமர் நோய். ஒற்றை மரபணுப் பிழையால் தலைமுறைதோறும் இளவயதிலேயே தோன்றும் வகையும் அதில் உண்டு. ஆனால் அது மிக அரிது. அத்தகைய பிழை பெற்றோருள் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வந்துசேரும் வாய்ப்பு சரிபாதி.

ஏனையோருக்கு இந்நோய் பெரும்பாலும் 65 வயதுக்குப் பின்னர், பல காரணங்கள் ஒன்றுகூடித் தோன்றுகிறது. அக்காரணங்களுள் ஒன்று 'அப்போ-ஈ' என்னும் மரபணு. இதற்கு 2, 3, 4 என எண்ணிட்ட மூன்று வடிவங்கள் உண்டு. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக ஒவ்வொருவரும் இரு படிகளைப் பெறுகிறோம். நான்காம் வடிவம் நோய்க்கான வாய்ப்பைக் கூட்டுகிறது. இரண்டாம் வடிவம் அதைக் குறைக்கிறது. எனினும் நான்காம் வடிவத்தைப் பெற்ற பலர் தெளிந்த நினைவோடு முதுமை எய்துகின்றனர். அது இல்லாத பலருக்கும் நோய் வருகிறது. ஆகவே இம்மரபணுவை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளலாகாது.

மரபணு தரும் காப்பு

இடர் மரபுவழி வருவதுபோலக் காப்பும் வருவதுண்டு. கொலம்பியா நாட்டின் அந்தியோக்கியா பகுதியில், ப்ரிசெனிலின்-1 என்னும் மரபணுவில் பிழை கொண்ட பெருங்குடும்பம் ஒன்று உள்ளது. அப்பிழையைப் பெற்றவர்களுக்கு நாற்பதுகளின் நடுவிலேயே நினைவு தடுமாறத் தொடங்கும். மருத்துவர் பிரான்சிஸ்கோ லொப்பேராவும் அவருடைய குழுவினரும் இக்குடும்பத்தினரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தனர். அதே பிழையைப் பெற்றிருந்தும் எழுபது வயதைக் கடக்கும் வரை நினைவு குன்றாதிருந்த ஒரு பெண்மணியைப் பற்றி 2019இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். அவருடைய மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் மிகுதியாகப் படிந்திருந்தது. ஆயினும் நரம்பணுக்களைச் சிதைக்கும் டௌ புரதத்தின் படிவு குறைவாகவே இருந்தது. 'கிறைஸ்ட்சர்ச்' எனப்படும் அரிய மாற்றம் அவருடைய அப்போ-ஈ மரபணுவின் இரு படிகளிலும் அமைந்திருந்தது. அதுவே அவரைக் காத்திருக்கக்கூடும் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

ஐஸ்லாந்து நாட்டு மக்கள் சிலரிடம், அமிலாய்டு உருவாவதைக் குறைக்கும் வேறொரு மரபணு மாற்றம் உள்ளதென்பது 2012இல் வெளியாயிற்று. இம்மாற்றம் உடையோருக்கு அல்சைமர் நோய் வரும் வாய்ப்பு குறைவு. இத்தகைய கண்டுபிடிப்புகளே புதிய மருந்துகளுக்கு வழிகாட்டுகின்றன.

மேல்மரபியல் என்றால் என்ன?

மேலே கூறியவை அனைத்தும் மரபணுவின் எழுத்திலேயே நேர்ந்த மாற்றங்கள். எழுத்து மாறாமல், அது படிக்கப்படும் முறை மட்டும் மாறுவதும் உண்டு. அதை ஆராயும் துறையே மேல்மரபியல், அதாவது எபிஜெனெடிக்ஸ்.

நம் மூளை அணுவிலும் கல்லீரல் அணுவிலும் இருப்பது ஒரே மரபு நூல்தான். மூளை அணுவில் சில பக்கங்கள் திறந்திருக்கின்றன; கல்லீரல் அணுவில் வேறு சில பக்கங்கள். மெத்தில் என்னும் சிறு வேதித் தொகுதிகள் மரபிழையில் ஒட்டிக்கொண்டு, சில பக்கங்கள் படிக்கப்படாமல் தடுக்கின்றன. உணவு, புகை, மனவழுத்தம், உடலுழைப்பு, வயது ஆகியன இக்குறிகளை மாற்றவல்லவை.

நெதர்லாந்தில் 1944–45 குளிர்காலத்தில் கொடும் பஞ்சம் நிலவியது. அப்போது கருவுற்ற தாய்மார்களுக்குப் பிறந்தவர்களை ஏறத்தாழ அறுபது ஆண்டுகள் கழித்து ஆராய்ந்தபோது, வளர்ச்சியோடு தொடர்புடைய ஒரு மரபணுவில் மெத்தில் குறிகள் அவர்களுக்கு அவர்தம் உடன்பிறந்தோரைவிடக் குறைவாக இருந்தன. கருவறையில் பட்ட பசியின் தடம் முதுமை வரை அழியாமல் இருந்தது.

பெற்றோரின் பழக்கம் பிள்ளையைக் காக்குமா?

இவ்வினாவுக்கு எலிகளில் நிகழ்ந்த ஆய்வுகள் ஓரளவு ஒளி தருகின்றன. மரபணுக் குறைபாட்டால் நினைவாற்றல் குன்றிய இளம் எலிகளை, விளையாட்டுப் பொருள்களும் துணை எலிகளும் ஓடும் வசதியும் நிறைந்த சூழலில் அமெரிக்க ஆய்வாளர்கள் வளர்த்தனர். அவற்றின் நினைவாற்றல் மேம்பட்டது. பின்னர் அப்பெண் எலிகள் ஈன்ற குட்டிகளிடமும், அவை அத்தகைய சூழலில் வளராதபோதிலும், அம்மேம்பாடு காணப்பட்டது. இம்முடிவு 2009இல் வெளியாயிற்று. 2018இல் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகர ஆய்வாளர்கள், உடற்பயிற்சியும் மூளைக்கான பயிற்சியும் பெற்ற ஆண் எலிகளின் விந்தணுவிலுள்ள நுண் ஆர்.என்.ஏ. மூலக்கூறுகள் இவ்வகை நன்மையைக் குட்டிகளுக்குக் கடத்த உதவுவதைக் காட்டினர்.

ஆனால் எலிக்கு உண்மையாவது மனிதருக்கும் உண்மையாகிவிடாது. மனிதக் கரு உருவாகும்போது பெற்றோரின் மேல்மரபுக் குறிகளில் பெரும்பகுதி துடைத்தழிக்கப்படுகிறது. தாய் தந்தையர் பெற்ற பயிற்சி பிள்ளையை மறதிநோயிலிருந்து காக்கும் என்பது மனிதரிடம் இன்னும் நிறுவப்படவில்லை. எனவே 'மரபணுவின் குறிகளை மாற்றி மறதியைத் தடுப்போம்' என்று விளம்பரம் செய்யும் மருந்துகளையும் பரிசோதனைகளையும் நம்பிப் பணம் செலவிட வேண்டாம்.

நம் கையில் உள்ளவை

2024இல் லான்செட் மருத்துவ இதழின் வல்லுநர் குழு, மாற்றியமைக்கத்தக்க 14 இடர்க்காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றை முற்றிலும் களைந்தால் உலகில் மறதிநோயின் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்பது அக்குழுவின் கணிப்பு. குடும்பத்தினர் இன்றே கவனிக்கத்தக்கவை:

• இரத்த அழுத்தம், நீரிழிவு, கெட்ட கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைத்தல்.
• செவித்திறனோ பார்வையோ குறைந்தால் காலந்தாழ்த்தாது கருவியோ கண்ணாடியோ சிகிச்சையோ பெறுதல்.
• புகையை முற்றிலும் விடுதல், மதுவைத் தவிர்த்தல், தலைக்கவசம் அணிதல்.
• நாள்தோறும் நடத்தல். மனச்சோர்வுக்கு மருத்துவம் பெறுதல். உற்றார் நண்பருடன் உறவாடுதல்.

குடும்பத்தில் ஒருவருக்கு மேற்பட்டோருக்கு 65 வயதுக்கு முன்பே மறதிநோய் தோன்றியிருந்தால், அதை நரம்பியல் மருத்துவரிடம் தவறாது கூறுங்கள். மரபணு ஆலோசனை தேவையா என்பதை அவர் முடிவு செய்வார். ஆலோசனை பெறாமல் தாமாகவே மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது வீண் அச்சத்தையே வளர்க்கும்.

பிள்ளைகளுக்கு நோயைக் கொடுத்துவிட்டோமே என்று வருந்தும் பெற்றோர் பலர். மரபணுவை எவரும் தேர்ந்து கொடுப்பதில்லை. அதில் பெற்றோரின் குற்றம் ஏதுமில்லை. பராமரிப்பவர்கள் தம் உடல்நலத்தைப் பின்னுக்குத் தள்ளிவிடுவது வழக்கம். அடுத்தமுறை நோயாளியை மருத்துவமனைக்கு அழைத்து வரும்போது, உங்கள் இரத்த அழுத்தத்தையும் சர்க்கரை அளவையும் பார்த்துச் செல்லுங்கள்.