உஷார்! ஒடிந்த பின் இன்னும் உள்ளேதான் இருக்கிறது

சுத்தியலைக் கீழே வையுங்கள். மற்றதெல்லாம் அப்புறம்.

டெக்சாஸில் நண்பர் வீட்டு கராஜ், சனிக்கிழமை சாயங்காலம். நண்பர் அமெரிக்கக் குடிமகன், எனக்குத் தம்பி மாதிரி. கிட் வாங்கி ஒரு பிஸ்டலைத் தானே கட்டிக்கொண்டிருந்தார். ஜான் பிரவுனிங் வடிவமைத்து 1911இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட அதே மாடல். நான் போய்ச் சேர்ந்தபோது அவர் நெற்றியெல்லாம் வியர்வை. ஒரு சின்ன பின் ஒடிந்துவிட்டது. பாதி கையோடு வந்துவிட்டது, பாதி ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டது. “ஒரே தட்டுண்ணா, வந்துடும்” என்று பஞ்ச்சை வைத்துச் சுத்தியலை ஓங்கிவிட்டார்.

ஒடிந்தது எந்த பின் என்று பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. இந்தத் துப்பாக்கியின் கைப்பிடிக்குப் பின்பக்கம் மெயின்ஸ்பிரிங் ஹவுசிங் என்று ஒரு துண்டு உண்டு. சுண்டுவிரல் நீளம்தான். அதற்குள் ஹேமரை அடிக்கவைக்கும் ஸ்பிரிங் அமுங்கி உட்கார்ந்திருக்கும். சாதாரணமாக அது 23 பவுண்டு ஸ்பிரிங், நம் கணக்கில் பத்து கிலோவுக்கும் மேல். அந்த ஸ்பிரிங்கின் தலையில் ஒரு குட்டி எஃகு மூடி. மூடி வெளியே பாயாமல் பிடித்து வைத்திருப்பது குறுக்கே போகும் அந்த ஒரே ஒரு பின். முழுசாக இருந்தால் இரண்டு பக்கமும் தாங்கும். இப்போது ஒரு பக்கத்தில் பாதித் துண்டு மட்டும், அதுவும் சாய்வாக. முறைப்படி மூடியை வைஸில் அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் பின்னை எடுக்க வேண்டும். தம்பி எதையும் அழுத்தவில்லை. ஹவுசிங்கைப் பக்கவாட்டில் கிடத்தி, மேலேயிருந்து தட்டப்போகிறார். அப்படிக் கிடத்தினால் ஸ்பிரிங்கின் வாய் பக்கவாட்டில்தானே திரும்பும்? அந்தப் பக்கம் அவர் பையன் நிற்கிறான். பத்து வயது. மேசை விளிம்பில் தாடையை ஊன்றிக்கொண்டு அப்பா என்ன செய்கிறார் என்று பார்த்துக்கொண்டிருக்கிறான். அவன் கண்ணும் அந்த வாயும் ஒரே மட்டத்தில்.

தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன். பையனை வீட்டுக்குள் அனுப்பினோம். கெட்டித் துணி ஒன்றில் ஹவுசிங்கைச் சுற்றி, சமையலறையிலிருந்து ஒரு எவர்சில்வர் அடுக்கைக் கொண்டுவந்து அதற்குள் வைத்து மூடினோம். அன்றைக்கு நடந்தது அவ்வளவுதான், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அந்தத் தாடையும் அந்த விளிம்பும் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கண்ணுக்குள் எஃகுத் துணுக்கு போனால் எல்லோரும் அலறுவார்கள் என்று நினைக்காதீர்கள். சுத்தியலும் கடினப்படுத்திய எஃகு, பஞ்ச்சும் கடினப்படுத்திய எஃகு. இரண்டும் மோதும்போது ஓரத்திலிருந்து தெறிக்கிற துணுக்கு மணலைவிடச் சின்னதாக இருக்கலாம். தலை நசுங்கி ஓரம் மடிந்துபோன பழைய பஞ்ச்சாக இருந்தால் இன்னும் மோசம். சுருக்கென்று ஒரு குத்து, கொஞ்சம் கண்ணீர், அப்புறம் வலியே இல்லை. தூசி விழுந்தது என்று கண்ணைக் கசக்கிவிட்டு வேலையைத் தொடர்வார்கள். துணுக்கோ விழிக்கோளத்தைத் துளைத்து உள்ளே உட்கார்ந்திருக்கும். அதில் உள்ள இரும்பு மெல்லக் கரைந்து, வாரக் கணக்கிலோ மாதக் கணக்கிலோ விழித்திரையைக் கெடுக்கும். அதற்குச் சைடரோசிஸ் என்று பெயர். ஆகவே சுத்தியல் வேலையின் நடுவில் கண்ணில் ஏதோ பட்டது என்றால் கசக்காதீர்கள், அழுத்தாதீர்கள், தண்ணீரைப் பீய்ச்சி அடிக்காதீர்கள், காந்தம் வைத்து இழுக்கவே இழுக்காதீர்கள். கண்ணில் படாமல் ஒரு காகிதக் கப்பைக் கவிழ்த்து ஒட்டிக்கொண்டு நேரே அவசர சிகிச்சைக்குப் போங்கள். “சுத்தியலால் இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தேன்” என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அதைக் கேட்டால்தான் எம்ஆர்ஐ எடுக்காமல் சிடி ஸ்கேன் எடுப்பார்கள். எம்ஆர்ஐயின் காந்தம் கண்ணுக்குள் இருக்கும் இரும்பை நகர்த்திவிடும். இதைச் சொல்லாமல் விட்டால் பார்வையே போகலாம்.

பவர் கண்ணாடி போட்டிருக்கிறேனே என்பது பதில் ஆகாது. சட்டத்தில் இசட்87 என்று பொறித்த, பக்கவாட்டையும் மூடுகிற பாதுகாப்புக் கண்ணாடி வேண்டும். மேசையில் இருப்பவருக்கு மட்டுமில்லை, அந்த அறையில் நிற்கிற அத்தனை பேருக்கும்.

தட்டினால் வரவில்லை என்றதும் அடுத்து கை டிரில்லுக்குப் போகும். இங்கேயும் உஷார். ஒடிந்த பின்னோ, மரை வெட்டும்போது உள்ளேயே முறிந்த டேப்போ, சாதாரண டிரில் பிட்டைவிடக் கடினமாக இருக்கும். பிட் வழுக்கிப் பக்கத்தில் இருக்கும் மெத்தென்ற உலோகத்தைத் தின்னும், ஓட்டை கோணலாகிவிடும். முறிந்த டேப்பைச் சுத்தியலால் நொறுக்கி எடுக்கிறேன் என்பவர்கள் கண்ணாடிச் சில்லு போலத் தெறிக்கும் துண்டுகளோடு விளையாடுகிறார்கள். கோயம்புத்தூர்ப் பட்டறைகளில் டேப் உள்ளே ஒடிந்துவிட்டால் அனுபவசாலிகள் அதோடு மல்லுக்கட்டுவதில்லை. ஸ்பார்க் எரோஷன் மெஷின் இருக்கும் இடத்துக்கு அனுப்பி, மின்பொறியால் அரித்து எடுத்துவிடுவார்கள். இரும்போடு பிறந்து வளர்ந்தவர்களே அப்படி என்றால், வார இறுதியில் கராஜில் உட்காருகிறவருக்கு என்ன அவசரம்?

இன்னொன்று, இது ஆளையே கொல்லும். பின் இளகட்டும் என்று பிரேக் கிளீனரை அடித்துவிட்டு டார்ச்சால் சூடு காட்டுவது. குளோரின் சேர்ந்த பிரேக் கிளீனர் நெருப்பில் பட்டால் பாஸ்ஜீன் உண்டாகும். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் இருந்தவர்களைக் கொன்ற அதே வாயு. முகர்ந்த உடனே பெரிதாக ஒன்றும் தெரியாது, பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். டப்பாவில் டெட்ராகுளோரோஎத்திலீன் என்று இருந்தால் அதை நெருப்புக்குப் பக்கத்திலேயே கொண்டுபோகாதீர்கள்.

அந்தச் சாயங்காலம் தம்பி என்னிடம் இன்னொன்றும் கேட்டார்: “இந்த பிரேமைக் கொஞ்சம் பிடிங்கண்ணா.” நான் பிடிக்கவில்லை. என்னுடையது எச்1பி விசா. அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி எச்1பி, எஃப்1 போன்ற தற்காலிக விசாக்காரர்கள், வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் இல்லாமல், துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருப்பது குற்றம். 2022க்குப் பிறகு இதற்கான தண்டனை 15 ஆண்டுகள் வரை. சட்டத்தின் கண்ணில், மற்ற பாகங்களைத் தாங்கும் அந்த பிரேம்தான் துப்பாக்கி. கொஞ்ச நேரம் பிடித்ததுதானே என்பது அங்கே எடுபடும் என்று நம்பாதீர்கள். நம் பிள்ளைகள் எத்தனை பேர் ஆசைக்கு வாங்கிப் பார்த்துப் படமும் எடுத்துப் போடுகிறார்கள்! எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் பதறுகிறது. குடிமக்களுக்கும் விதிகள் இறுகிவிட்டன. வீட்டில் கட்டும் கிட்டுகளுக்கு வரிசை எண்ணும் பின்னணிச் சோதனையும் வேண்டும் என்ற 2022ஆம் ஆண்டு விதியை உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் உறுதிசெய்தது. கலிபோர்னியா, நியூஜெர்சி, நியூயார்க்கில் மாநிலச் சட்டம் அதைவிடக் கடுமை. இதைப் படித்துவிட்டு ஊரில் முயன்று பார்க்கலாம் என்று யாருக்காவது தோன்றினால், உரிமம் இல்லாமல் துப்பாக்கி செய்வதற்கு இந்தியாவில் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது ஏழாண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை.

மறு வாரம் தம்பி அந்த ஹவுசிங்கைத் துப்பாக்கி பழுதுபார்க்கும் ஒரு கன்ஸ்மித்திடம் எடுத்துப் போனார். நானும் கூடப் போய்ப் பார்த்துக்கொண்டு நின்றேன். வயதானவர், பேச்சே இல்லை. மூடியை அழுத்திப் பிடித்து அந்தப் பாதித் துண்டை எடுக்க அவருக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. ஆனால் அதோடு விடவில்லை. வெள்ளைத்தாள் ஒன்றை விரித்து ஒரு புதுப் பின்னை வைத்தார், அதன் பக்கத்தில் ஒடிந்த துண்டுகளை முனையோடு முனை சேர்த்து அடுக்கினார். உடைந்த வளையலை ஒட்டிப் பார்ப்பது போல. அரை அரிசி நீளம் குறைந்தது. ஹவுசிங்கைத் தட்டினார், ஒன்றும் விழவில்லை. விளக்கடியில் ஸ்பிரிங்கை வெளியே எடுத்ததும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டிருந்த அந்தத் துணுக்கு தாளில் விழுந்தது.

அது உள்ளேயே கிடந்திருந்தால்? ஸ்பிரிங்கின் சுற்றுகளுக்கு நடுவே மாட்டினால் ஸ்பிரிங் முழுதாக அமுங்காது, ஹேமர் பின்னால் முழுதாகப் போகாது. ஹேமரைப் பிடித்து நிறுத்துகிற சியர் நுனியில் மட்டும் தொற்றி நிற்கலாம். விரலை வைக்காமலே நழுவக்கூடிய நிலை அது. அரை அரிசிக்கு இவ்வளவு பயமா என்பவர்கள் ரெமிங்டன் 700 ரைஃபிளின் கதையைக் கேட்டுப் பாருங்கள். 1962இல் வந்த ரைஃபிள். அதன் வாக்கர் டிரிக்கரில் கனெக்டர் என்று ஒட்டாமல் நிற்கும் ஒரு குட்டித் துண்டு. அந்த இடுக்கில் அழுக்கோ துணுக்கோ புகுந்தால் டிரிக்கரைத் தொடாமலே வெடிக்கிறது என்று வழக்குக்கு மேல் வழக்கு. நிறுவனம் குறையை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் லட்சக்கணக்கான துப்பாக்கிகளுக்கு டிரிக்கரை இலவசமாக மாற்றித்தர 2014இல் சமரசத்துக்கு வந்தது. அதற்குள் போன உயிர்கள் போனவைதான்.

இப்போது உங்கள் மேசையில் அப்படி ஒரு பின் ஒடிந்து கிடக்கிறதா? மேகசினைக் கழற்றுங்கள், சேம்பரைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள், தோட்டாக்கள் வேறு அறைக்குப் போகட்டும். சரியாகிவிட்டதா என்று பார்க்க நிஜத் தோட்டாவை ஏற்றாதீர்கள், வீட்டில் ஒருபோதும் வேண்டாம். ஸ்பிரிங் அமுங்கியிருக்கும் பாகத்தின் வாயை யார் பக்கமும் திருப்பாமல் துணியில் சுற்றி மூடுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள். திங்கட்கிழமை உரிமம் பெற்ற கன்ஸ்மித்துக்குப் போன் போட்டு, நானே கட்டியது, பின் ஒடிந்தது, சுத்தியலால் இத்தனை தடவை தட்டினேன் என்று ஒளிக்காமல் சொல்லுங்கள். போகும்போது தரையைப் பெருக்கிக் கிடைத்த ஒடிசல்களை எல்லாம் ஒரு சின்ன டப்பாவில் போட்டு எடுத்துப் போங்கள். ஒன்றைக்கூடக் குப்பையில் போட்டுவிடாதீர்கள், அவர் எண்ணிப் பார்க்க வேண்டும்.