மற்றவர் கதைகளை எழுதிய மருத்துவர்

நரம்பியல் மருத்துவர் ஆலிவர் சாக்ஸ் நோயாளிகளிடம் வந்துசேர்ந்ததற்கு அவருடைய கைராசியின்மையும் ஒரு காரணம். நியூயார்க்கில் ஆய்வாளராக இருந்தபோது தின்ற ஹாம்பர்கரின் துணுக்குகள் ஆய்வுக் கருவிக்குள் விழுந்தன. மாதக்கணக்கில் எழுதிய குறிப்பேடு மோட்டார் சைக்கிளிலிருந்து பறந்து போயிற்று. நோயாளிகளைப் பார்க்கப் போனால் சேதம் குறையும் என்று மேலதிகாரிகள் அனுப்பிவைத்தார்கள்.

1966இல் அவர் சேர்ந்த இடம், பிராங்க்ஸ் பகுதியிலுள்ள பெத் ஆபிரகாம் மருத்துவமனை. முதல் உலகப் போர்க் காலத்தில் தொடங்கி 1920கள்வரை உலகெங்கும் பரவிய ஒருவகை மூளை அழற்சியில் உயிர் பிழைத்தவர்கள் ஏறத்தாழ 80 பேர் அங்கே இருந்தார்கள். பலர் பத்தாண்டுக் கணக்கில் அசைவும் பேச்சுமின்றி உறைந்து கிடந்தவர்கள். 1969இல் பார்க்கின்சன் நோய்க்கான எல்-டோப்பா மருந்தை சாக்ஸ் அவர்களுக்குக் கொடுத்தார். எழுந்தார்கள், நடந்தார்கள், பேசினார்கள். ஆனால் அது நீடிக்கவில்லை. சில வாரங்களில் வலிப்புபோன்ற துடிப்புகளும் வெறியும் மாயத்தோற்றங்களும் பலரை ஆட்டிப்படைத்தன. இரண்டையும் மறைக்காமல் 1973இல் ‘அவேக்கனிங்ஸ்’ நூலில் எழுதினார். இலக்கிய உலகம் கொண்டாடிய அந்த நூலை மருத்துவ உலகம் கண்டுகொள்ளவில்லை. 1990இல் ராபின் வில்லியம்ஸ், ராபர்ட் டி நீரோ நடிப்பில் அது திரைப்படமானது.

மனைவியின் தலையைத் தொப்பியென்று பற்றித் தூக்கப் பார்த்த இசை ஆசிரியரின் கதை, 1985இல் வந்த நூலின் வழியே அவரை உலகப் புகழுக்குக் கொண்டுபோனது. முகங்களை அடையாளம் காண முடியாத குறை சாக்ஸுக்கும் உண்டு. எதிரே வந்த தாடிக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு, அது கண்ணாடியில் தெரிந்த தன் உருவம்தான் என்று உணர்ந்தவர் அவர். நோயாளிகளைத் தன் எழுத்துக்கான சரக்காக்கிக்கொண்டார் என்று உடல் ஊனமுற்றோர் உரிமை ஆய்வாளர் டாம் ஷேக்ஸ்பியர் குத்தினார். முழுதும் ஒதுக்கிவிடக்கூடிய குற்றச்சாட்டல்ல அது.

அவர் எழுதாத கதை ஒன்றிருந்தது. 1933இல் லண்டனில் பிறந்த சாக்ஸ், தனக்கு ஆண்கள்மீதே நாட்டம் என்று பதினெட்டு வயதில் தந்தையிடம் சொன்னார். இங்கிலாந்தின் முதல் பெண் அறுவை மருத்துவர்களில் ஒருவரான தாய்க்குச் செய்தி போனதும், இந்தப் பிள்ளை பிறந்திருக்கவே வேண்டாம் என்று சபித்தார். ஆண்களுக்கிடையிலான உறவு அங்கே 1967வரை குற்றமாகவே இருந்தது. 1960இல் அமெரிக்கா போனவர், கலிபோர்னியாவில் பளுதூக்கினார். 600 பவுண்டு எடையைத் தோளில் சுமந்து உட்கார்ந்தெழுந்து மாநிலச் சாதனையும் படைத்தார். போதை மருந்தில் சிக்கி மீண்டார். நாற்பது வயதுக்குப்பின் சுமார் 35 ஆண்டுகள் துணையின்றியே வாழ்ந்தார்.

எழுபத்தைந்து வயதுவாக்கில் எழுத்தாளர் பில் ஹேய்ஸைச் சந்தித்தார். கண்ணில் தோன்றிய புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியது 2015 தொடக்கத்தில் தெரியவந்தது. ஏப்ரலில் வெளியான ‘ஆன் தி மூவ்’ தன்வரலாற்றில்தான் தன்பாலீர்ப்பை முதன்முறையாக வெளிப்படையாக எழுதினார். ஆகஸ்ட் 30இல், 82 வயதில் காலமானார். கணினியைத் தொடாமல் மையூற்றுப் பேனாவால் எழுதிய அந்த மனிதரோடு வாழ்ந்த நாட்களை, 2017இல் ‘இன்சோம்னியாக் சிட்டி’ என்ற நூலாக்கினார் ஹேய்ஸ்.